ஏன் அந்தப் பாடம்?

பஸ்லிக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவன் மனைவி றுஸைனாவுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த வயிற்றுவலியை உண்டாக்கியவளே அவள்தானே.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்தப் பொல்லாத வருஷத்தில்தான் எல்லாம் தொடங்கியது. யட்டவத்தவில் வீட்டு முன்னறைதான் பஸ்லியின் கடை. சுற்றுவட்டாரத்து ஆட்கள் தங்கள் வளவில் பறித்துக் காயவைத்த மிளகையும் கராம்பையும் ஜாதிக்காயையும் கொண்டுவருவார்கள். அவன் நிறுத்து வாங்கி மாத்தளைக்கு அனுப்புவான். சரியான பேச்சுக்காரன். ஒரு கிலோ மிளகுக்கு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் விலைக்கே வருவான். அப்படிப்பட்டவன் கடைக்கு வருகிறவர்களோடு பேச்சைக் குறைத்தான். பிறகு வீட்டில் குறைத்தான். பிறகு தூக்கம் போனது, சாப்பாடு போனது. ஒருநாள் தராசில் மிளகு மூட்டையை ஏற்றிவைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்று அழுதான். மூட்டைக்குச் சொந்தக்காரர் ஒரு சிங்கள மனிதர், பாவம், பயந்துபோனார். முதலாளிக்கு என்ன என்று அவர் கேட்க, உள்ளேயிருந்து ஓடிவந்த றுஸைனாவின் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்: "கேஸ்டிக்."

சொன்னது சொன்னதுதான். பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. எடுக்கவும் அவள் பார்க்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்லுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் ஒரே ஒரு பெண்பிள்ளை, ஜெஸ்லா. அப்போது பத்தாம் வகுப்பு. நாளைக்கு அவளுக்கென்று ஒரு பேச்சு வந்தால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது வாப்பாவைப் பற்றித்தான். சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு என்றால்கூட தலையை ஆட்டிவிட்டு மேலே பேசுவார்கள். மனசுக்குச் சுகமில்லை என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், குடித்த தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். அந்த மனிதர்களை றுஸைனா அறிவாள். அவளே ஒருமுறை அப்படி எழும்பி வந்தவள்தான்.

ஆகவே மருந்தெடுக்கப் போவதும் ஒளித்துத்தான். மாத்தளையில் ஆஸ்பத்திரி இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே வரிசையில் நின்றால் முன்னால் நிற்பது சொந்தக்காரர், பின்னால் நிற்பது அடுத்த வீட்டுக்காரர். அதனால் மாதாமாதம் புருஷனும் மனைவியும் பஸ் மாறி, நாலந்தாவைத் தாண்டி, தம்புள்ளைக்குப் போய் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் 'வயிற்றுக்கு அங்கே ஒரு நல்ல டொக்டர்'. மனச்சோர்வு நோய் என்று அந்த டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மருந்து குடிக்க வேண்டும், கதைக்கவும் வேண்டும் என்றார்.

மருந்தைக் குடித்தான். கதைக்கத்தான் இல்லை. டொக்டர் சிங்களம், பஸ்லியும் சிங்களம் நன்றாகப் பேசுவான். மிளகு விலையைச் சிங்களத்தில் அவனைப்போல் அடித்துப் பேச இந்தப் பகுதியில் ஆளில்லை. ஆனால் விடியும்வரை முழித்திருந்து நினைப்பதையெல்லாம் சொல்வதற்கு அந்தச் சிங்களம் போதவில்லை. "ஹொந்தாய், ஹொந்தாய்" என்பான். நல்லம் என்று அர்த்தம். நல்லமாம்! டொக்டரும் எழுதிக்கொண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்.

பொய் என்பது சும்மா கிடக்குமா? அதற்கும் மூன்று வேளை சோறு போட வேண்டும். கேஸ்டிக் என்று சொன்ன பாவத்துக்கு ஊரெல்லாம் மருந்து சொன்னது. ஒருத்தி இஞ்சிச் சாறு கொடுத்தனுப்பினாள், ஒருத்தி வெந்தயம், ஒருத்தி அசமதாகத் தண்ணீர். கல்யாண வீட்டில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், "பஸ்லிக்குக் காரம் ஆகாது" என்று பக்கத்தில் இருப்பவர் இறைச்சியை மறுபக்கம் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை அவன் பக்கம் தள்ளுவார். மிளகு வியாபாரி மிளகைத் தொடக்கூடாது. றுஸைனாவும் வீட்டில் விருந்தாளி இருந்தால் அவனுக்கென்று தனியாகப் பால்கறி ஆக்குவாள். கடையையும் அவள்தான் பார்த்தாள். முற்றத்தில் படங்கு விரித்து மிளகைப் பரப்புவது, மழைக்கு அள்ளுவது, நிறுப்பது, சமைப்பது, மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, வருகிறவர்களுக்குப் பொய் சொல்வது. இவ்வளவில் கடைசி வேலைதான் உடம்பை அதிகம் முறித்தது. சில நாள் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போதே யா அல்லாஹ், என்னை இந்த இடத்திலேயே கொஞ்சம் தூங்கவிடு என்று கேட்பாள்.

இந்தக் கதை இப்படியே இழுபட்டிருக்கும். பஸ்லியின் மூத்த சகோதரி றாபியாதான் வந்து கெடுத்தாள். பல்லேபொலவில் இருக்கிறாள். நல்ல மனசு, பெரிய தொண்டை. தம்பிமேல் உயிர். தம்பிக்கு இத்தனை வருஷமாக வயிற்றுவலி மாறவில்லையே என்று ஒருநாள் பொறுக்க முடியாமல், தன் புருஷன் றஹீமையும் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினாள். "கண்டிக்குப் போறோம். வாயால குழாய் விட்டு கமராவுல பாக்குறாங்களாம். காசு நாங்க குடுக்குறோம். எழும்பு தம்பி" என்றாள்.

பஸ்லி றுஸைனாவைப் பார்த்தான். றுஸைனா நிலத்தைப் பார்த்தாள்.

அவன் எழும்பிப் போனான். பட்டினி கிடந்து, இல்லாத நோய்க்காகக் குழாயை விழுங்கிவிட்டு வந்தான். கமராவில் ஒன்றுமில்லை. ஒரு சின்னப் புண்கூட இல்லை. றாபியா வேனிலிருந்து இறங்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இறங்கினாள். "அல்ஹம்துலில்லாஹ்! ஒண்ணுமே இல்லியாம்! குழந்தைப் புள்ளட வயிறு மாதிரி இரிக்காம்!" என்று பல்லேபொலவுக்கும் மாத்தளைக்கும் அங்கிருந்தே அறிவித்தாள்.

அதோடு பஸ்லியின் நோயும் போய்விட்டது. நோய் போனபிறகும் ஒருத்தன் பாயில் கிடந்தால் அவனுக்கு என்ன பெயர்? சோம்பேறி. "என்ன மச்சான், வயிறு நல்லம்தானே, இனி கடையில வந்து குந்தலாமே" என்று றஹீம் அன்பாகத்தான் கேட்டார். மற்றவர்கள் அவ்வளவு அன்பாகக் கேட்கவில்லை. பொண்டாட்டியை மூட்டை தூக்கவிட்டுவிட்டுப் படுத்திருக்கிறான் என்று றுஸைனாவின் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் புருஷனுக்கு அவள் கட்டிக்கொடுத்த ஒரே மறைப்பும் இப்படிப் பிடுங்கப்பட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு நோயைத் தேடிப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெஸ்லாவின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. கலைப்பிரிவில் நல்ல புள்ளிகளோடு சித்தி. கெம்பஸ் கிடைக்கும், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கே போகலாம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். வீடு ஒருநாள் சந்தோஷப்பட்டது. மறுநாள் அவள் உம்மாவிடம் வந்து, "நான் சைக்கொலொஜி படிக்கப் போறேன்" என்றாள்.

றுஸைனா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "எந்தப் பாடம்?"

"உளவியல் உம்மா. மனசப் பத்தின படிப்பு."

"யா அல்லாஹ்! ஒலகத்துல வேற பாடமே கெடைக்கல்லியா ஒனக்கு?"

எங்கேயிருந்து இந்த எண்ணம் வந்தது என்பது றுஸைனாவுக்குத் தெரியும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்பதால் ஜெஸ்லாதான் வாப்பாவைத் தம்புள்ளைக்குக் கூட்டிப் போனாள். அன்று கிளினிக்கில் டயனா என்று ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருந்தாள். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை. கெம்பஸில் உளவியல் முடித்தவள். அவள் பஸ்லியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ராத்திரியில முழிச்சிருக்கும்போது என்னங்க நெனப்பீங்க?" என்று தமிழில் கேட்டாளாம். பஸ்லி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தானாம். பிறகு பேசத் தொடங்கினானாம். நிறுத்தவே இல்லையாம். கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெஸ்லா, வாப்பாவின் குரல் இப்படித்தானே இருந்தது என்று அன்றைக்குத்தான் நினைத்தாளாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கடலை வாங்கித் தின்றான். வீட்டுக்கு வந்து மிளகுக்கு என்ன விலை போகிறது என்று கேட்டான்!

அடுத்த மாதம் டயனா இல்லை. பயிற்சி முடிந்து போய்விட்டாள். பஸ்லி மறுபடியும் "ஹொந்தாய்" சொல்லத் தொடங்கினான். அவ்வளவுதான், அந்த வீட்டுக்கு வந்த நல்ல காலம்.

ஆனால் டயனாவின் போன் நம்பர் ஜெஸ்லாவிடம் இருந்தது. பெறுபேறு வந்ததிலிருந்து இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு. அந்தப் பிள்ளை ஒன்றையும் இனிப்புப் பூசிச் சொல்லவில்லை. "தங்கச்சி, கலைப்பிரிவுல பேராதனைக்குப் போனாலும் மொத வருஷமே சைக்கொலொஜி கையில குடுத்துற மாட்டாங்க. மொத வருஷம் மார்க்ஸ் நல்லா இருக்கணும். பெறகுதான் சிறப்புப் பட்டம், மொத்தம் நாலு வருஷம். தமிழ்ல படிச்சிட்டுப் போய் எல்லாம் இங்கிலிஷ்ல எழுதணும். நான் மொத வருஷம் பூரா அழுதேன். முடிச்சாலும் ஒடனே டொக்டர் பக்கத்துல கதிர போட்டு ஒக்கார முடியாது. கிளினிக்கல்னு போகணும்னா அதுக்கு மேல இன்னொரு படிப்பு இருக்கு. எனக்கே இன்னும் நிரந்தர வேல இல்ல. எல்லாம் தெரிஞ்சுகிட்டு வா." ஜெஸ்லா அந்தக் குரல்பதிவை உம்மாவுக்கும் போட்டுக் காட்டினாள். கேட்டால் உம்மாவுக்கு விளங்கும் என்று நினைத்தாளாக்கும். றுஸைனாவுக்கு விளங்கியது வேறு: நாலு வருஷம், அதற்கு மேலும் வருஷங்கள், அத்தனை வருஷமும் ஊர் கேட்கப்போகிற ஒரே கேள்வி. ஏன் அந்தப் பாடம்?

ஏனென்றால் இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா ஒரு பாடத்தைப் படிப்பதில்லை. கணக்கு படித்தால் வங்கி வேலைக்கு, அரபு படித்தால் மௌலவியாக, ஆசிரியர் கல்லூரிக்குப் போனால் அரசாங்கச் சம்பளத்துக்கு. பைத்தியத்தைப் பற்றி ஒருத்தி படிக்கிறாள் என்றால் வீட்டுக்குள்ளே அப்படி யாரோ இருக்கிறார்கள். ஊர் அதை நொடியில் கண்டுபிடிக்கும். பிறகு தம்புள்ளைப் பயணம் ஞாபகம் வரும். வெறும் வயிற்றைக் காட்டிய கமரா ஞாபகம் வரும்.

விண்ணப்பம் ஒன்லைனில் போட வேண்டும். எந்தப் படிப்பு முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை உம்மாவும் மகளும் குசினியில் சண்டை பிடித்தார்கள்.

"டீச்சர் கொலீஜுக்குப் போடு. மூணு வருஷம், வெளிய வந்தா வேல."

"எனக்கு டீச்சராக ஏலாது உம்மா."

"அப்ப சரி, பேராதனையப் போடு. கலைப்பிரிவுன்னு மட்டும் சொல்லு. சைக்கொலொஜின்னு வாயத் தொறக்காத. யாராவது கேட்டா ஜோகிரபின்னு சொல்லு."

ஜெஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "வாப்பாக்கு கேஸ்டிக், எனக்கு ஜோகிரபியா? நாலு வருஷமும் மறைச்சிட்டே படிக்கச் சொல்றீங்களா? என்னால ஏலா. படிச்சா சொல்லிட்டுப் படிப்பேன். இல்லாட்டி வேணாம்."

"மெதுவாப் பேசு. வாப்பா முழிச்சிருக்காரு."

"அவரு எப்பவும் முழிச்சித்தான் உம்மா இருக்காரு."

றுஸைனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் பலம் வேண்டுமே.

பஸ்லி படுத்த பிறகு வீட்டில் பெரிய முடிவுகளெல்லாம் றஹீம் மாமாவின் வாயிலிருந்துதான் வரவேண்டும். பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவதா, விடுதியில் விடுவதா என்று ஆண் ஒருத்தர் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் றஹீமும் றாபியாவும் பல்லேபொலவிலிருந்து வந்துவிட்டார்கள். றாபியா மிளகு தட்டிப்போட்ட மாட்டிறைச்சிக் கறி ஒரு சட்டி கொண்டுவந்தாள். "வயிறுதான் நல்லமாச்சே, தின்னு தம்பி" என்று தன் கையாலேயே அவனுக்கு அள்ளி வைத்தாள். இத்தனை வருஷம் கழித்துப் பஸ்லி அந்தக் கறியை மற்றவர்கள் முன்னால் தின்றான். இரண்டு வாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தான். அவனுடைய அக்கா பெருமூச்சு விட்டாள், றஹீம் பல்லைக் குத்தினார்.

றஹீம் மாமா மோசமான ஆளில்லை. வியாபாரி, எதையும் விலை விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார். படிப்பையும் அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"சொல்லுங்க மகள், என்ன போடப் போறீங்க?"

ஜெஸ்லா போனை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேராதனை, மாமா. மொத வருஷம் நல்லா செஞ்சா சைக்கொலொஜி எடுக்கலாம். அது கெடைக்காட்டி ஓப்பன் யூனிவர்சிட்டி. அங்கயும் சைக்கொலொஜி டிகிரி இரிக்கு, கண்டி சென்டர்ல. வீட்ல இருந்துகிட்டே செய்யலாம், ஆனா வருஷம் இழுக்கும்."

"கண்டியில தனியார்ல ஒண்ணு இரிக்காமே. லண்டன் பட்டம், மூணே வருஷம், சனி ஞாயிறு மட்டும்."

"அது நமக்கு ஏலாது மாமா. அந்தக் காசுக்கு இந்த வீட்டத்தான் விக்கணும்."

"அப்ப ஆறு மாசத்துல கவுன்சலிங் டிப்ளோமா தாறாங்களாமே?"

"அத வச்சு சொகமில்லாத ஆக்களப் பாக்க ஏலாது. பாக்கவும் கூடாது."

கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறாளே என்று றஹீம் புருவத்தை உயர்த்தினார். கொஞ்சம் பிடித்திருந்தது போலத்தான் இருந்தது. றாபியாதான் குறுக்கே விழுந்தாள். "பொறுங்க, பொறுங்க. சைக்கொலொஜின்னா என்ன? பைத்தியக்காரருக்குப் பாக்குறதா?"

"பைத்தியம்னு சொல்றதில்ல மாமி."

"என்னவோ ஒண்ணு. எவ்வளவு நல்ல பாடம் இரிக்கு! ஏன் புள்ள அந்தப் பாடம்? நம்ம ஆக்கள்ல யாருக்கும் அப்படி ஒண்ணுமில்லியே."

கேட்டுவிட்டாள். ஊர் கேட்க வேண்டியதைச் சொந்த மாமியே நடுவீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். பொய் றுஸைனாவைக் கேளாமலேயே அவள் வாயில் வந்து நின்றது. "அது ஒண்ணுமில்ல மதினி. கூட்டாளிமார் போறாங்கன்னு சொன்னாள். சின்னப் புள்ள புத்திதானே. நான் மாத்தச் சொல்லிட்டேன். டீச்சர் கொலீஜுக்குப் போடுவாள்."

ஜெஸ்லா உம்மாவைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "ஓ மாமி" என்றாள். "உம்மா சொல்றதுதான். சும்மா கூட்டாளிமாரப் பாத்துச் சொன்னேன்."

சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் பேராதனையை நீக்குவதற்குப் போனைக் கையில் எடுத்தாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. எவ்வளவு அழகாகப் பொய் சொல்லிவிட்டாள்! நேற்று ஏலாது என்று நின்றவள். றுஸைனாவுக்கு நெஞ்சு வெந்தது. தான் பெற்ற பிள்ளைக்குத் தான் கற்றுக்கொடுத்தது கடைசியில் இதுதானா என்று நினைத்தாள். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லைத் தூக்க அவளால் முடியவில்லை.

"ராத்தா."

அறை வாசலில் பஸ்லி அக்காவைப் பார்த்தபடி நின்றான். ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நிலையைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல, ராத்தா."

"அதத்தானே கமராவுலயும் சொன்னாங்க, அல்ஹம்துலில்லாஹ்!"

"ஒருநாளும் இருக்கல்ல." அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். "எனக்குச் சொகமில்லாதது மனசு. தம்புள்ளைக்குப் போறது அதுக்குத்தான். மருந்து குடிக்கிறேன். அந்த மருந்தும் இல்லாட்டி, இவளும் இல்லாட்டி, நான் எப்பயோ..." அந்தப் பேச்சை அங்கேயே விட்டான். யாரும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

றாபியாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வராமல் இருந்ததை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. கடைசியில், "அப்ப குழாய்? குழாயையும் விழுங்கினியேடா! அப்பவாவது சொல்லப்படாதா?" என்றாள்.

"விழுங்குறப்ப சொல்லத்தான் பாத்தேன் ராத்தா. வாய் நெறயக் குழாய்."

றஹீமுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தொப்பியை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. றாபியா சிரிக்கவில்லை. தம்பியின் தலையிலிருந்து கால்வரை, காணாமல் போயிருந்த ஒருத்தனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மெல்ல றுஸைனாவின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் மதினி" என்றாள் றுஸைனா. "புள்ளைக்கு ஒரு பேச்சு வந்தா என்ன செய்றதுன்னு..."

"அவள விடுங்க" என்றான் பஸ்லி. "நானும் வாயப் பொத்திக்கிட்டுத்தானே இருந்தேன். மச்சான், இவள் படிக்கட்டும். எனக்காக இல்ல. இவள் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஒண்ணு சொகமாகிடுவேன், இல்லாட்டி மவுத்தாகிடுவேன். அங்க ஒருக்கா ஒரு புள்ள எனக்கிட்டத் தமிழ்ல கேட்டிச்சு, ராவையில என்ன நெனக்கிறீங்கன்னு. இத்தின வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நான் பேசினேன். எனக்குப் பொறகும் ஆக்கள் அந்த வாங்குல வந்து குந்துவாங்க. கேக்க ஒரு ஆள் வேணும்."

அவ்வளவு பேசியதில் அவன் களைத்துப்போனான். நெற்றியில் வேர்த்திருந்தது. பேசியதும் எல்லாம் தெளிந்துவிட்டது, மனிதன் எழுந்து கடையில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் திரும்பிப்போய்ப் பாயில் படுத்தான். இந்த முறை கதவைச் சாத்தவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

றஹீம் தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். "பேராதனையையே மொதலாவது போடுங்க மகள்" என்றார். "ஆனா இந்த இங்கிலிஷ்? அது ஒரு மல மாதிரில்ல முன்னுக்கு நிக்கிது. கெம்பஸ் தொடங்குற வரைக்கும் சும்மா இருக்கப்படாது. மாத்தளையில ஒரு நல்ல வகுப்பா நான் பாக்குறேன். கூட்டாளிமாரப் பாத்துப் போடல்லதானே?"

"இல்ல மாமா."

"ஆ. அதச் சொல்லுங்க. யாரும் கேட்டா அதையே சொல்லுங்க."

ஜெஸ்லா அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய் வாப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

றுஸைனா குசினிக்குள் போனாள். போவதற்கு வேறு இடமும் இல்லை. சட்டிகள் குவிந்து கிடந்தன. பின்னாலேயே றாபியா வந்து நின்றபோது, வரட்டும், திட்டட்டும், எல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்று முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"ஒன்னோட நான் சண்ட பிடிக்கத்தான் போறேன்" என்றாள் றாபியா. "என்ட தம்பிய எனக்கே மறைச்சவள் நீ. ஆனா இன்டைக்கு இல்ல. ஒன்ட மொகத்தப் பாத்தா சண்ட பிடிக்கவும் மனசு வருதில்ல. எப்பத்தான் நீ தூங்கின? அந்தச் சட்டியக் கீழ வை. போய்ப் படு."

"பின்னேரம் அஸருக்கு ஆக்கள் மொளகு கொண்டாருவாங்க மதினி."

"நான் நிறுக்குறேன். எனக்குத் தராசு பாக்கத் தெரியாதா? போ எண்டா போ."

றுஸைனா போனாள். பட்டப்பகலில், வீட்டில் விருந்தாளி இருக்க, சட்டி கழுவாமல் போய்ப் படுப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஜெஸ்லாவின் அறையில், ஜெஸ்லாவின் கட்டிலில் விழுந்தாள். சீமெந்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தமும் சட்டி உருளும் சத்தமும் கேட்டன. பிறகு போன் அடித்தது, றாபியாவின் போன். அந்தப் பெண்ணுக்கு மெதுவாகப் பேச எங்கே தெரியும்?

"வஅலைக்கும் ஸலாம். ஓ, தம்பி வீட்லதான். பஸ்லிக்கா? வயிறு இல்ல, வயித்துல ஒண்ணுமில்ல. மனசுக்குச் சொகமில்ல. ஓ, மனசுக்கு. மருந்து குடிக்கிறான்... அதுல என்ன மறைக்க? வருத்தம் வருத்தம்தானே. மகளுக்கு கெம்பஸ் போட்டாச்சு, அவள் அதத்தான் படிக்கப் போறாள், சைக்கொலொஜி... என்ன, பேச்சா? இப்ப வேணாம், படிக்கட்டும். பொறகு யாரும் வந்தா இதயும் கேட்டுட்டு வரட்டும். கேட்டுட்டு எழும்பிப் போறவன் எங்களுக்கு வேணாம்."

இத்தனை வருஷமாக ஊருக்குள் போகவிடாமல் றுஸைனா தன் உடம்பால் அடைத்துப் பிடித்திருந்த சொல், குசினி ஜன்னலால் வெளியே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். இனிப் பிடிக்க முடியாது. இப்போது வெட்கம் வரும், இப்போது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடந்தாள்.

தூக்கம்தான் வந்தது.